சாலை இல்லாத ஊருக்கு ரயில்: வின்னிபெக்கிலிருந்து சர்ச்சிலுக்குப் போவது எப்படி

கனடாவின் மனிட்டோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கிறது சர்ச்சில். சுமார் 870 பேர் வாழும் ஊர். வெளியூரோடு இணைக்கும் சாலை கிடையாது. விமானத்தில் போகலாம், இல்லையென்றால் வியா ரயில் நிறுவனத்தின் ரயிலில் போகலாம். வின்னிபெக்கிலிருந்து தூரம் ஏறக்குறைய 1,700 கி.மீ. அட்டவணைப்படி 45 மணி நேரம். இதை முன்னால் சொல்லிவிடுவது நல்லது: அட்டவணைப்படி வந்து சேர்ந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். பயணத்தின் ஒவ்வொரு ஏற்பாட்டையும் 'ரயில் தாமதமாகத்தான் வரும்' என்று வைத்துக்கொண்டு செய்தால், இது அருமையான பயணம். 'சரியான நேரத்துக்கு வரும்' என்று நம்பிச் செய்தால் ஹோட்டல், டூர், விமான டிக்கெட் என்று வரிசையாகப் பணம் போகும்.

ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது

காரணம் தெரிந்தால் எங்கே எவ்வளவு கூடுதல் நேரம் ஒதுக்குவது என்பது தானாகப் புரியும்.

பாதையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வின்னிபெக்கிலிருந்து தி பா என்ற ஊர் வரைக்கும் சி.என். (கனடியன் நேஷனல்) ரயில்வே நிறுவனத்தின் தண்டவாளம். ஒற்றைப் பாதை. எதிரே சரக்கு ரயில் வந்தால் நம்முடைய ரயில்தான் பெரும்பாலும் ஒதுங்கி நிற்க வேண்டும், ஏனென்றால் அங்குள்ள சரக்கு ரயில்கள் பல சமயம் ஒதுங்கி நிற்பதற்கான பக்கப் பாதைக்குள் (லூப் லைன்) அடங்காத நீளம். நம் ஊரில் கிராசிங்குக்காக நிற்பது போலத்தான். நம் ஊரில் பத்து நிமிடம் என்றால் இந்தப் பாதையில் ஒரு மணி நேரம்.

தி பாவிலிருந்து சர்ச்சில் வரை ஹட்சன் பே ரயில்வே. இந்தப் பாதையில் மைல் கற்கள் தி பாவில் 0 என்று தொடங்கி சர்ச்சிலில் 510-இல் முடிகின்றன. வழியோரத்தில் இருப்பவர்கள் ஊர்ப் பெயருக்குப் பதில் மைல் எண்ணைச் சொல்லித்தான் இடத்தைக் குறிப்பிடுவார்கள். மைல் 326-இல் கில்லம் என்ற ஊர். சிக்கல் அதற்கு வடக்கே. கில்லமிலிருந்து சர்ச்சில் வரை வெறும் 184 மைல், அதாவது 300 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு ஓர் இரவு முழுக்க ஆகிவிடும். சைக்கிளில் நன்றாக மிதிப்பவர் கூடவே வந்துவிடலாம் என்று சொல்லுமளவு வேகம்.

தண்டவாளத்துக்கு அடியில் இருப்பது சதுப்பும், ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண்ணும். மேலே இருந்த பாசியையும் புல்லையும் நீக்கி ஜல்லி போட்டதும், வெயிலின் சூடு மண்ணுக்குள் இறங்குகிறது. உள்ளே இருக்கும் பனிக்கட்டி உருகிய இடத்தில் மண் அமிழ்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமிழ்ந்தால் பரவாயில்லை. ஓரிடத்தில் நாலு விரல், பக்கத்தில் ஒன்றுமில்லை. தண்டவாளம் அலை அலையாக ஆகிவிடும். அதனால்தான் அந்தப் பகுதியில் பெட்டி படகு மாதிரி இரண்டு பக்கமும் ஆடுகிறது, ஓட்டுநரும் வேகத்தைக் கூட்ட மாட்டார். கோடையில் இது மோசம். குளிர்காலத்தில் மண் இறுகிப்போய்ப் பாதை உறுதியாக இருக்கும். ஆனால் அப்போது பனிப்புயலும், கடுங்குளிரில் தண்டவாளம் விரிசல் விடுவதும் சேர்ந்துகொள்ளும்.

சன்னலுக்கு வெளியே பார்த்தால் இதற்குச் சாட்சி கிடைக்கும். பழைய தந்திக் கம்பங்கள் ஒற்றைக் கம்பமாக நிற்காது. மூன்று மரங்களைக் கூம்பாகச் சாய்த்துக் கட்டிய முக்காலிகளாக நிற்கும். ஒற்றைக் கம்பத்தைக் குழி தோண்டி நட்டால் உறைந்து உருகும் மண் அதை ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிப் பிடுங்கிப் போட்டுவிடும். சர்ச்சிலை நெருங்கும்போது ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் கிளை இருப்பதைக் கவனியுங்கள். வடமேற்குக் காற்று அள்ளிவரும் பனித்துகள், அந்தப் பக்கத்துக் கிளைகளை அரைத்துவிடுகிறது.

1929-இல் சர்ச்சிலை எட்டிய பாதை இது. 2017 மே மாத வெள்ளத்தில் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. ஒன்றரை ஆண்டு ரயிலே இல்லை. அரிசி, பால், எரிவாயு வரை எல்லாம் வேறு வழி தேட வேண்டிய நிலை. முதற்குடி மக்களும் வழியோர ஊர்களும் பங்குதாரர்களாக உள்ள ஆர்க்டிக் கேட்வே குழுமம் 2018-இல் பாதையை வாங்கிச் சரி செய்தது. அந்த டிசம்பரில் பயணிகள் ரயில் திரும்ப வந்தது. சுற்றுலாவுக்காக ஓடும் ரயில் அல்ல இது என்பதை நினைவில் வையுங்கள். திக்கெட் போர்ட்டேஜ், பிக்விட்டோனி போன்ற சிற்றூர்களுக்கு எல்லாப் பருவத்துக்குமான சாலை கிடையாது. ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அவர்கள் நம்பியிருப்பது இந்த ரயிலைத்தான். ஒரு சின்ன நிறுத்தத்தில் சரக்குப் பெட்டியிலிருந்து ஃபிரிட்ஜ் இறக்கி முடியும்வரை ரயில் நின்றால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நாள் கணக்கு

வழக்கமான அட்டவணை இது: வின்னிபெக்கில் ஞாயிறு, செவ்வாய் பகல் 12.05-க்குப் புறப்பாடு. சர்ச்சிலுக்கு முறையே செவ்வாய், வியாழன் காலை 9 மணிக்கு. திரும்பும் ரயில் வியாழன், சனி இரவு 7.30-க்கு, வின்னிபெக்குக்கு முறையே சனி, திங்கள் மாலை. வடக்கே போகும் ரயிலின் எண் 693, திரும்புவது 692. அட்டவணையை அவ்வப்போது மாற்றுவார்கள்; பதிவு செய்யும்போது டிக்கெட்டில் அச்சாகும் நேரமே கணக்கு.

இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? ஞாயிறு புறப்பட்டால் செவ்வாய் காலை முதல் வியாழன் மாலை வரை சர்ச்சிலில் மூன்று பகல் கிடைக்கும். ஆறு மணி நேரம் தாமதமானாலும் இரண்டரை நாள் மிஞ்சும். இதுதான் நல்ல கணக்கு. செவ்வாய் புறப்பட்டு வியாழன் இறங்கி அன்று இரவே திரும்புவது வேண்டாத வேலை. பத்தரை மணி நேரம் கையில் இருப்பது போலத் தெரியும், தாமதம் அதைத் தின்றுவிடும்.

வின்னிபெக்கில் இறங்கும் நாளில் டொராண்டோவுக்கோ வான்கூவருக்கோ விமானம் போடாதீர்கள். ஓர் இரவு அங்கே தங்கி, மறுநாள் மதியத்துக்கு மேல் போடுங்கள். அதேபோல் சர்ச்சிலில் இறங்கும் நாளில் பணம் கட்டிய டூர் எதுவும் வேண்டாம். திரும்பும் நாளில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ரயில் இரவில்தானே.

ஒரு வழி ரயில், ஒரு வழி விமானம் என்று போகிறவர்களும் உண்டு. வின்னிபெக்–சர்ச்சில் விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். எந்த வழியில் ரயில்? பனிக்கரடிப் பருவமான அக்டோபர், நவம்பரில் போகும்போது விமானம், வரும்போது ரயில் என்று வையுங்கள். கரடி பார்க்கும் டூர்கள் விலை அதிகம், தேதி மாற்ற முடியாது. அதைத் தவறவிட்டால் நஷ்டம் பெரிது. பெலுகா திமிங்கிலங்கள் ஆற்று முகத்துக்கு வரும் ஜூலை, ஆகஸ்டில் படகுகள் அடிக்கடி போகும், ஒன்று தவறினால் இன்னொன்று. எனவே போகும்போதே ரயிலில் போகலாம்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. விடுமுறை குறைவாக உள்ளவர்களுக்கு எங்கள் சிபாரிசு அதுதான்: வழியிலுள்ள தாம்சன் என்ற ஊர் வரை காரில் போய் அங்கே ரயில் ஏறுவது. ரயில் தாம்சனில் மாலை 5 மணிக்குப் புறப்படும், மறுநாள் காலை 9 மணிக்குச் சர்ச்சில். ஒரே இரவு. வின்னிபெக்கிலிருந்து 6-ஆம் எண் நெடுஞ்சாலையில் தாம்சன் 760 கி.மீ., எட்டு மணி நேர ஓட்டம். கிராண்ட் ராப்பிட்ஸில் டேங்கை நிரப்பிவிடுங்கள். அடுத்த 330 கி.மீ.க்கு வேறு பங்க் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. அந்தி நேரத்தில் மூஸ் மான் சாலையில் நிற்கும். முதல் நாளே தாம்சன் போய்ச் சேர்ந்து தூங்கி எழுந்து ஏறுவது நிம்மதி.

காரை ஸ்டேஷன் வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமான இடம், கண்ணாடி உடையும் வாய்ப்பு உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு காரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தங்கும் விடுதியோ முகாம் மைதானமோ பார்த்து முன்பதிவு செய்யுங்கள். குளிர்காலம் என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரைச் செருக மின் இணைப்பு உண்டா? மைனஸ் 30 டிகிரியில் நான்கு நாள் நின்ற காரில் ஆயில் தேன் போலக் கெட்டியாகிவிடும், பேட்டரியின் பலமும் பாதியாகிவிடும். ஹீட்டர் இல்லாமல் சாவியைத் திருகினால் வெறும் முனகல்தான் கேட்கும். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே செருகியிருக்க வேண்டும்.

இருக்கையா, படுக்கையா

எகானமி இருக்கை சாய்ந்துகொடுக்கும், கால் வைக்க இடமும் உண்டு. தாம்சனிலிருந்து ஒரு இரவுக்கு இது போதும். தலையணை, கம்பளியை நீங்களே கொண்டு போங்கள். வின்னிபெக்கிலிருந்தே வருபவர்களுக்கு, குறிப்பாக முதுகுவலி உள்ளவர்களுக்கு, படுக்கைதான்.

படுக்கையில் இரண்டு விதம். பெர்த் என்பது பகலில் எதிரெதிர் இருக்கை, இரவில் மேல், கீழ் படுக்கை, மறைப்புக்குத் தடித்த திரை. நம் ஊர் ஸ்லீப்பரைவிட அகலம் அதிகம். கழிவறை பொதுவானது. கீழ்ப் படுக்கைக்குச் சன்னல் உண்டு, மேல் படுக்கைக்குக் கிடையாது. எனவே கீழ்ப் படுக்கையை முதலில் கேளுங்கள். அடுத்தது தனி அறை. ஒருவருக்கான அறையில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: இரவில் படுக்கையை இறக்கினால் அது கழிவறைத் தொட்டியின் மேலேயே வந்து உட்காரும். நடுராத்திரி அவசரம் என்றால் நீங்கள் எழுந்து, படுக்கையைத் தூக்கி மடக்க வேண்டும்; அறைக்குள் நின்று அதைச் செய்ய இடம் இருக்காது, கதவைத் திறந்து திரையை இழுத்துவிட்டுக்கொண்டு நடைபாதையில் ஒரு கால் வைத்துத்தான் செய்ய வேண்டும். முதல் முறை செய்பவர்கள் படுக்கையோடு மல்லுக்கட்டுவது அடுத்த அறைவரை கேட்கும். படுக்கும் முன் பகலிலேயே ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பழகிக்கொள்ளுங்கள், அல்லது பெட்டியின் கோடியிலுள்ள பொதுக் கழிவறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரடிப் பருவத்துப் படுக்கைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும்.

ரயிலில் வைஃபை கிடையாது. தி பாவுக்கு வடக்கே, தாம்சன், கில்லம் போன்ற ஊர்களை விட்டால் செல்போன் சிக்னலும் கிடையாது. வரைபடம், படம், பாட்டு எல்லாவற்றையும் முன்பே இறக்கி வையுங்கள். வழியில் ஒரு குழப்பம்: டாஃபின் என்ற ஊரைத் தாண்டிய பிறகு ரயில் சஸ்காட்செவன் மாகாணத்துக்குள் நுழைந்து, காம்சாக், கனோரா, ஹட்சன் பே என்ற ஊர்கள் வழியாகச் சுற்றி மறுபடி மனிட்டோபாவுக்கு வருகிறது. சஸ்காட்செவனில் இந்தப் பகுதியில் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளும் வழக்கம் இல்லை. அதனால் கோடையில் அங்கே ஒரு மணி நேரம் பின்னால். கனோராவில் ஏறவோ, யாரையாவது இறக்கவோ போகிறவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள்.

சாப்பாடு: கட்டுச்சோறுதான் சரி

உணவுப் பெட்டி உண்டு. சூடான உணவு கிடைக்கும், ஆனால் வகை குறைவு. சைவம் என்றால் மேலும் குறைவு. ரயில் எட்டு மணி நேரம் தாமதமாகும்போது இருக்கும் சரக்கும் தீர்ந்துபோகும். எனவே மூன்று நாளுக்கான சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள், பயணம் இரண்டு நாள் என்றாலும்.

இதற்கு நம் வீட்டுச் சமையலை மிஞ்ச ஆளில்லை. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. இரண்டாம் நாளுக்குப் புளியோதரை: சோற்றை உதிராக வடித்து, நன்றாக ஆறவிட்டு, பிறகு புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்க்கும், அந்த ஈரமே கெடுத்துவிடும். தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம். மூன்றாம் நாள் காப்புக்குத் தட்டை, அவல், பேரீச்சை, வேர்க்கடலை. சாப்பாட்டுப் பையைச் சன்னலோரத் தரையில் வைக்காதீர்கள். ஹீட்டர் அந்தச் சுவரடியில்தான் ஓடுகிறது. நான்கு மணி நேரத்தில் புளியோதரையே புளித்துவிடும். மேலே சாமான் தட்டில் வையுங்கள். நிறைய மணம் வீசும் கருவாடு, மீன் குழம்பு வகையறாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நாற்பத்தைந்து மணி நேரம் அடைத்த சன்னல், பக்கத்து இருக்கைக்காரர் பாவம்.

ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், மூடி இறுகிய ஒரு ஃபிளாஸ்க். வெந்நீர் வேண்டுமென்றால் உணவுப் பெட்டியில் நிதானமான நேரம் பார்த்துக் கேளுங்கள். பெட்டிக்குப் பெட்டி நடக்கும்போது கட்டாயம் ஷூ போட்டிருங்கள். குளிர்காலத்தில் இரண்டு பெட்டி சேரும் இடத்து இரும்புத் தகட்டில் பனி படிந்து வழுக்கும். காலுறையோடு டீ எடுக்கப் போய் விழுபவர் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு.

தாம்சனில் ரயில் நண்பகலில் வந்து மாலை 5 மணி வரை நிற்கும். பிரதான பாதையிலிருந்து சுமார் 50 கி.மீ. கிளைப் பாதையில் உள்ளே வந்து, அதே வழியில் திரும்பிப் போக வேண்டிய ஊர். இந்த ஐந்து மணி நேரம்தான் தாமதத்தைச் சரிக்கட்டும் இடமும்கூட. ரயில் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தால், நிற்கும் நேரம் இரண்டாகக் குறையும். அதனால் 'ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது' என்று நீங்களாக முடிவு செய்யாமல், இறங்கும்போதே நடத்துநரிடம் எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். கடைத்தெரு நடக்கும் தூரம் இல்லை, டாக்ஸி பிடியுங்கள். பழம், பால், ரொட்டி, மருந்து எதுவானாலும் இங்கே வாங்கிவிடுங்கள். சர்ச்சிலில் எல்லாமே ரயிலிலோ விமானத்திலோ வந்தவை, விலை அதற்கேற்ப இருக்கும்.

ஊரில் இறங்கியதும்

ஸ்டேஷன் கட்டடத்துக்குள்ளேயே தேசியப் பூங்கா நிர்வாகத்தின் தகவல் மையம் இருக்கிறது. முதல் வேலையாக உள்ளே போய் அன்றைய கரடி நிலவரம் கேளுங்கள். சர்ச்சில் ஆற்றின் நன்னீர் கடல் முகத்தில் கலப்பதால் அந்தப் பகுதி முன்னதாக உறைகிறது. சீல் வேட்டைக்குப் பனித்தளத்தை எதிர்பார்க்கும் கரடிகள் அதனால்தான் இங்கே வந்து கூடுகின்றன. ஊர் எல்லைப் பலகை தாண்டி நடந்து போகாதீர்கள். கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே படம் எடுக்கப் போகாதீர்கள், பாறைக்குப் பின்னால் படுத்திருப்பது தெரியாது. இருட்டிய பின் வாகனம். அங்கே பலர் கார்க் கதவைப் பூட்டாமலே விடுவார்கள். கரடியைக் கண்டு ஓடுகிறவர் எந்தக் காரிலும் ஏறிக்கொள்ளலாம் என்பதற்காக.

துருவ ஒளி பார்க்க வருபவர்களுக்குப் பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். வானம் தெளிவாக இருக்கும், குளிர் எலும்பைத் துளைக்கும். ரயிலிலிருந்தே பார்க்கலாம். படிக்கும் விளக்கை அணைத்து, தலையோடு கோட்டைப் போர்த்திச் சன்னலோடு ஒட்டிக்கொண்டால் உள் வெளிச்சம் கண்ணாடியில் பிரதிபலிக்காது.

நடுக்காட்டில் இறங்குகிறவர்களுக்கு

படகு, கேம்பிங் என்று போகிறவர்கள் ஸ்டேஷன் இல்லாத இடத்திலும் இறங்கலாம், ஏறலாம். இரண்டு நாளுக்கு முன்பாவது தொலைபேசியில் சொல்லி மைல் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும். ஆற்றின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. கனூ படகைச் சரக்குப் பெட்டியில் ஏற்றத் தனிக் கட்டணம், அதற்கும் முன்பதிவு. பைகள் ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள். அடுப்பு கொண்டு போகலாம், எரிபொருள் கூடாது. எரிபொருளைச் சர்ச்சிலிலோ தாம்சனிலோ வாங்கி ரயிலில் ஏற்றலாம் என்றும் நினைக்காதீர்கள். வழிகாட்டி நிறுவனத்தோடு பேசி முன்பே இறக்கி வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

திரும்ப ஏறுவதுதான் கஷ்டமான பகுதி. குறித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே பாதையோரம் வந்துவிடுங்கள், ஆனால் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கும் ஏற்பாட்டோடு வாருங்கள்: கூடாரம் பையின் மேலேயே, சட்டென எடுக்கும்படி இருக்கட்டும், இரண்டு நாள் உபரிச் சாப்பாடு, செயற்கைக்கோள் தகவல் கருவி. நேர்ப்பாதையில், ஓட்டுநர் தூரத்திலிருந்தே பார்க்கும் இடத்தில் நில்லுங்கள், வளைவில் நிற்காதீர்கள். பகலில் ஆரஞ்சு நிறத் துணியைத் தலைக்கு மேலே பிடித்துப் பக்கவாட்டில் வீசுங்கள். இரவில் டார்ச்சை ரயிலின் முகத்துக்கு நேரே பிடிக்காமல், உங்கள் உடம்பின் மேலும் தரையிலும் அடித்து ஆட்டுங்கள்; ஆள் நிற்பது தெரிய வேண்டும். தண்டவாளத்தை விட்டு ஐந்தாறு மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

ரயில் உங்களைக் கடந்துபோய்த்தான் நிற்கும். பதறி ஓட வேண்டாம், சரக்குப் பெட்டிக் கதவு திறந்து கை காட்டும்வரை இருந்த இடத்திலேயே இருங்கள். முதலில் படகு, அடுத்து பைகள், கடைசியாகத் துடுப்பு. துடுப்பைப் படகிலேயே விட்டுவைத்தால், ரயில் ஊழியர்கள் உள்ளே இழுக்கும்போது, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அதுதான் கதவில் மாட்டி முறியும்.